ஜென்னாரோ என்று பெயர் வைக்கலாமா?

ஜென்னாரோ என்ற பெயரை இத்தாலியில் யாரிடம் சொன்னாலும் ஆளுக்கு முன்னால் ஊர் வந்து நின்றுவிடும். நேப்பிள்ஸ். மிலானில் பிறந்து வளர்ந்து, தெற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஒருவனுக்கு இந்தப் பெயர் இருந்தாலும், "அப்பா நேப்பிள்ஸா, தாத்தாவா?" என்பதுதான் அடுத்த கேள்வி. இத்தாலியப் பெயர்களில் இவ்வளவு அழுத்தமாக ஊர் முத்திரை விழுந்த பெயர்கள் சிலவே. அதனால்தான் இந்தப் பெயரை வைக்கலாமா என்ற கேள்வி வந்தால் வீடே இரண்டாகப் பிரிகிறது.

டூரினில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் தம்பதிக்கு அக்டோபரில் முதல் குழந்தை பிறக்கப் போகிறது. பையன் என்று தெரிந்துவிட்டது. கணவரின் குடும்பம் நேப்பிள்ஸிலிருந்து வந்தது. அவருடைய அப்பா ஜென்னாரோ, அறுபதுகளின் கடைசியில் கார்த் தொழிற்சாலை வேலைக்காக ரயிலேறி வடக்கே வந்தவர். மனைவி இந்த பியெமோந்தே மண்ணிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா பெயர் அந்தோனியோ. இப்போது நான்கு பெயர்கள் பேச்சில் இருக்கின்றன: ஜென்னாரோ, அந்தோனியோ, சிரோ, லியோனார்டோ. ஐந்தாவதாக ஒரு சமரசமும் உண்டு. லியோனார்டோவையும் ஜென்னாரோவையும் நடுவில் காற்புள்ளி போட்டு எழுதிவிடுவது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஜென்னாரோவே வையுங்கள் என்றேன். ஏன் என்பதைப் படியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழக்கம். தெற்கு இத்தாலியில் முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். பெண் பிள்ளைகளுக்கும் அதே வரிசையில் பாட்டிமார் பெயர்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேப்பிள்ஸைச் சுற்றிய காம்பானியா பக்கம் இதை 'சுப்போந்தா' என்கிறார்கள், அதாவது முட்டுக் கொடுப்பது. வயதானவருக்குப் பேரன் பெயரால் ஒரு முட்டு. இந்த முட்டைக் கொடுக்காமல் விட்டால் பெரியவர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அத்தைமார்கள் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வருஷக்கணக்காகச் சொல்வார்கள்.

சட்டமும் அறியாமலே இந்த வழக்கத்துக்குத் துணை நிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் 396 ஆம் எண் ஆணைப்படி, உயிரோடிருக்கும் அப்பாவின் பெயரை மகனுக்கு வைக்கக் கூடாது. உயிரோடிருக்கும் அண்ணன் அக்கா பெயரையும் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் இருப்பது போன்ற 'ஜூனியர்' இங்கே கிடையாது. தாத்தா பெயருக்குத் தடையில்லை. ஆகவே ஜென்னாரோ மகன் அந்தோனியோ, அவன் மகன் ஜென்னாரோ என்று ஒரு தலைமுறை தாண்டி ஒரு தலைமுறையாகப் பெயர் நடந்துவரும். கேலிக்கோ அவமானத்துக்கோ ஆளாக்கும் பெயர்களுக்கும் அதே ஆணையில் தடை உண்டு. ஒரு குழந்தைக்கு 'வெள்ளிக்கிழமை' என்று பெற்றோர் வைத்த பெயர் நீதிமன்றம் ஏறி, 2008 இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே கூடாது என்று சொல்லிவிட்டது. பெயர் விஷயத்தில் அரசும் நீதிபதியும் உள்ளே வந்து கேள்வி கேட்கிற நாடு இது.

இனி ஜென்னாரோ. இந்தப் பெயருக்கு லத்தீன் வேர் ஜனவரி மாதத்தோடு சேர்ந்தது. ஆனால் நேப்பிள்ஸ்காரர் எவரும் ஜனவரியை நினைப்பதில்லை, செப்டம்பரைத்தான் நினைக்கிறார்கள். புனித ஜென்னாரோ பெனெவெந்தோ நகரின் ஆயராக இருந்தவர். 305 இல், பேரரசர் தியோக்லேசியன் காலத்தில், நேப்பிள்ஸை ஒட்டிய பொத்சுவோலியில் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. அவருடைய ரத்தம் என்று போற்றப்படுவது கண்ணாடிக் குப்பிகளில் உறைந்து கிடக்கிறது. மே மாத முதல் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, செப்டம்பர் 19, டிசம்பர் 16 என்று ஆண்டுக்கு மூன்று முறை பேராலயத்தில் அதை வெளியே எடுக்கிறார்கள். இளகினால் ஊருக்கு நல்லது, இளகாவிட்டால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். டிசம்பர் நாள் 1631 இல் பக்கத்து எரிமலை வெசூவியஸ் வெடித்ததையும், நகரம் பிழைத்ததையும் நினைத்துக் கொண்டாடப்படுவது.

செப்டம்பர் 19 காலையில் அந்தப் பேராலயத்துக்குள் ஒருமுறை நின்று பார்த்தவருக்கு இந்தப் பெயர் வேறு மாதிரிதான் கேட்கும். முன்வரிசையில் வயதான பெண்கள் சிலர் இருப்பார்கள். 'புனித ஜென்னாரோவின் உறவுக்காரிகள்' என்றே அவர்களுக்குப் பெயர். பழைய நேப்பிள்ஸ் மொழியில் ஜெபங்களை ராகம் போட்டுச் சொல்வார்கள். ரத்தம் இளகத் தாமதமானால் கெஞ்சல் கோபமாக மாறும், "மஞ்ச மூஞ்சி!" என்று புனிதரையே திட்டுவார்கள். 1305 இல் செய்த அவருடைய மார்பளவுச் சிலை பொன்முலாம் பூசிய வெள்ளி. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அந்த வசவு. இளகியதும் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று உயரும். கோயிலே கைதட்டும். வெளியில் வேட்டுச் சத்தம் கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1527 இல் கொள்ளைநோயும் போரும் நகரத்தை நெருக்கியபோது நேப்பிள்ஸ் மக்கள் புனித ஜென்னாரோவுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தார்கள்: எங்களைக் காப்பாற்று, உனக்கு ஒரு தனிச் சிற்றாலயம் கட்டுகிறோம். அதைச் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. நோட்டரி முன்னிலையில் பத்திரமாக எழுதினார்கள். புனிதருடைய பொக்கிஷத்தையும் சிற்றாலயத்தையும் இன்றைக்கும் ஊர்ப் பொதுமக்களின் சபை ஒன்றுதான் பார்த்துக்கொள்கிறது, மறைமாவட்டம் அல்ல. 1969 இல் வத்திக்கான் திருநாள் நாட்காட்டியைத் திருத்தியபோது, அவருடைய நாள் உலகத் திருச்சபைக்குக் கட்டாயமில்லாத ஒன்றாக ஆகிவிட்டது. அப்போது நேப்பிள்ஸ் சுவரில் "சான் ஜென்னா, நீ அதையெல்லாம் கண்டுக்காதே!" என்று எழுதினார்கள் என்பது அந்த ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் கதை. புனிதருக்கே ஆறுதல் சொல்கிற ஊர். அவர் அவர்களுக்கு வீட்டு மனிதர். திட்டலாம், பத்திரம் எழுதிக்கொள்ளலாம், சமாதானப்படுத்தலாம். ஒரு குழந்தைக்கு ஜென்னாரோ என்று வைக்கும்போது இந்த நெருக்கமும் சேர்ந்துதான் வருகிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பெயரின் பெரிய சொத்து இதுதான்.

சொத்தோடு கடனும் வருகிறது. மேல்மாடிப் பெரியவர் டூரினுக்கு வந்து இறங்கிய காலத்தில், 'தெற்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை' என்ற அட்டைகள் வீட்டு வாசல்களில் தொங்கின. வேலை செய்த இடத்தில் அவரை யாரும் ஜென்னாரோ என்று கூப்பிடவில்லை. "ஏ நேப்பிள்ஸ்" என்றே கூப்பிட்டார்கள். பெயரைச் சொன்னாலும் ஊர்தான், சொல்லாவிட்டாலும் ஊர்தான். "என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகுதான்" என்று அவர் மருமகளிடம் சொல்லியிருக்கிறார். மருமகளின் பயம் அங்கேதான் தொடங்குகிறது. மாமனார் பெயர் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பெயரைச் சுமந்த மனிதர் பட்டதைப் பிள்ளை படக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

அந்தக் காலம் போய்விட்டது என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. நேப்பிள்ஸ் கால்பந்து அணி வடக்கே ஆட வந்தால், "வெசூவியஸே, நெருப்பால் அவர்களைக் கழுவு" என்ற பாட்டு இன்றும் சில மைதானங்களில் ஒலிக்கிறது. நேப்பிள்ஸில் மத்தலேனா பாலத்தருகே புனித ஜென்னாரோவின் சிலை ஒன்று எரிமலையைப் பார்த்துக் கை நீட்டி நிற்கிறது, போதும் நில் என்பது போல. அந்த நெருப்பைத் தடுத்தவர் பெயரைக் கொண்ட பையன் அதே நெருப்பை வேண்டிப் பாடும் கூட்டத்துக்கு நடுவில் உட்கார நேரலாம். இதை யோசிக்காமல் 'அழகான பாரம்பரியப் பெயர்' என்று மட்டும் சொல்வது பெற்றோருக்குச் செய்யும் உதவி ஆகாது.

பிறகு நகைச்சுவை நாடகமும் சினிமாவும் ஏற்றிவைத்த பாரம். நேப்பிள்ஸ்காரன் ஒருவன் வேண்டுமென்றால் கையை வீசிப் பேசும், பிழைக்கத் தெரிந்த, சட்டைப்பை காலியான ஒரு ஜென்னாரோ. செல்லமாகக் கூப்பிட வேண்டுமென்றால் ஜென்னாரினோ. வடக்கில் "பீட்சா சுடுகிறவன் பெயர்" என்று சொல்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். அந்த வேலையில் என்ன குறை என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. 2014 இல் தொடங்கி உலகெங்கும் ஓடிய ஒரு நேப்பிள்ஸ் குற்றத் தொடர் வேறு திசையில் இழுத்தது. அதில் கும்பல் தலைவனின் வாரிசு பெயர் ஜென்னாரோ. அதற்குப் பிறகு ஜென்னாரோவைச் சுருக்கி 'ஜென்னி' என்றால் சிலருக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

மறுபக்கத்தில், 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் நடுக்களத்தில் ஓய்வே இல்லாமல் ஓடிய கட்டூசோவின் பெயர் ஜென்னாரோ. அவர் நேப்பிள்ஸ்காரர்கூட இல்லை, கலாப்ரியாக்காரர். எல்லோரும் கூப்பிடுவது ரினோ என்று. நேப்பிள்ஸில் ஃபோர்செல்லா பகுதிக்குள் நுழையும் இடத்தில், ஒரு கட்டிடத்தின் பக்கச்சுவர் முழுக்க ஜோரித் என்ற ஓவியர் 2015 இல் புனித ஜென்னாரோவை வரைந்தார். முகம் நகரத்து இளம் தொழிலாளி ஒருவனுடையது. ஆயர் தொப்பி இருக்கிறது, அங்கி இருக்கிறது, நடுவில் மூன்று நாள் தாடியோடு தெருவில் எதிர்ப்படும் ஒரு முகம். அந்தச் சுவரைப் பார்த்த பிறகு ஜென்னாரோ கிழவர் பெயர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குடும்பப் பெயரையும் கூடவே சொல்லிப் பார்க்க வேண்டும். எஸ்போசித்தோ என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஜென்னாரோ வைத்தால், அது நேப்பிள்ஸ்காரன் என்பதற்கே எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயராகிவிடும். நேப்பிள்ஸுக்குப் பக்கத்து ஊரான வீக்கோ எக்குவென்சேயில் அதே பெயருள்ள சமையல் கலைஞர் மிஷெலின் நட்சத்திரங்களோடு உணவகம் நடத்துகிறார் என்பது அந்தப் பெயர்க்காரர்களுக்குத் தெம்பு தரும் செய்தி. மேல்மாடி நண்பரின் குடும்பப் பெயர் எஸ்போசித்தோ இல்லை. ஆகவே அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

அடுத்து அந்தோனியோ. எந்தப் பக்கம் பார்த்தாலும் சேதமில்லாத பெயர். காம்பானியாவில் இன்றும் பிறக்கும் பையன்களுக்கு அதிகமாக வைக்கும் பெயர்களில் ஒன்று. அதே நேரம் வெனிஸின் விவால்டி, கிரெமோனாவின் ஸ்ட்ராடிவாரி, சார்தீனியாவின் கிராம்ஷி எல்லோருமே அந்தோனியோக்கள். எந்த ஊரும் அதை எங்கள் பெயர் என்று தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது. லிஸ்பனில் பிறந்து 1231 இல் பதுவையில் இறந்த புனிதர் உவரியிலும் கொழும்புக் கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும் நம்மவர்களுக்கு அந்தோனியார். நம் காதுக்கே இவ்வளவு பழக்கப்பட்ட பெயர், உலகில் எந்த நாட்டுக்குப் போனாலும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்காது.

செல்லப் பெயர்களிலும் வளமானது: தொனினோ, தொத்தோன்னோ, நீனோ, தொத்தோ. 1898 இல் நேப்பிள்ஸின் சனித்தா பகுதியில் பிறந்து, இத்தாலியையே சிரிக்க வைத்த நடிகர் தொத்தோவின் உண்மைப் பெயர் அந்தோனியோதான். சிசிலியில் அதே தொத்தோ சல்வத்தோரே என்ற பெயரின் சுருக்கம். அங்கே அது கால்பந்து வீரர் ஸ்கிலாச்சியையும் குறிக்கும், மாஃபியா தலைவன் ரீனாவையும் குறிக்கும். இப்படி ஒரு செல்லப் பெயர் நல்லவர் கெட்டவர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் ஒருவரும் அந்தோனியோவைக் குறை சொல்வதில்லை. வைத்திருப்பவர்கள் அத்தனை பேர். எந்த ஒருவரின் நிழலும் பெயர் முழுவதையும் மூடிவிட முடியாது. ஜென்னாரோவுக்கு இல்லாத பாதுகாப்பு இது.

ஆனால் நேப்பிள்ஸ்காரரிடம் இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வரும். 1799 ஜனவரியில் பிரெஞ்சுப் படை நகரத்துக்குள் வந்து குடியரசு அமைந்தது. புனித ஜென்னாரோவின் ரத்தம் பிரெஞ்சுக்காரர்கள் முன்னாலேயே இளகியது. மன்னருக்கு விசுவாசமான எளிய மக்கள் கொதித்துப் போனார்கள்: நம்முடைய புனிதரே கட்சி மாறிவிட்டார்! அந்த ஆண்டு ஜூன் 13 இல் மன்னர் தரப்புக் கர்தினால் ரூஃபோவின் படை நகரத்தை மீட்டது. அது அந்தோனியார் திருநாள். உடனே ஜென்னாரோவை ஊரின் பாதுகாவலர் பதவியிலிருந்து இறக்கி அந்தோனியாரை ஏற்றினார்கள். அந்தோனியார் பிரம்பை ஓங்கி ஜென்னாரோவைத் துரத்துவது போல அச்சுப் படங்கள்கூட வந்தன. கொஞ்ச காலத்தில் கோபம் தணிந்து ஜென்னாரோ தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். என் நண்பரின் அத்தை ஒருவர் இந்தக் கதையைச் சொல்லி, "முதல் பிள்ளைக்கு அந்தோனியோ வைத்தால் இரண்டாம் தடவை பதவி இறக்கின மாதிரி" என்றாராம். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் குறை வேறு. அந்தோனியோ இங்கே அம்மாவின் அப்பா பெயர். வழக்கப்படி அது இரண்டாவது மகனுக்கு உரியது. வடக்கத்தித் தாத்தா இந்த வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர் அல்ல. பேரனுக்குத் தன் பெயர் வராவிட்டால் அவருக்கு வருத்தமில்லை. தெற்கத்தித் தாத்தாவுக்கு வருத்தம் உண்டு. யாருக்கு முட்டுத் தேவையோ அவருக்குக் கொடுப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

சிரோவைக் கணவரே கொண்டுவந்தார். ஜென்னாரோவும் இல்லை, ஊரையும் விடவில்லை என்ற நடுவழி. புனித சிரோ அலெக்சாந்திரியா நகரத்து மருத்துவர், வேதசாட்சி. அவருடைய எலும்புகள் நேப்பிள்ஸின் ஜெசு நுவோவோ ஆலயத்தில் இருக்கின்றன, திருநாள் ஜனவரி 31. பக்கத்துப் போர்த்திச்சி நகரத்துக்குப் பாதுகாவலர் அவரே. பெயர் சின்னது, உருண்டையானது, மழலை வாயிலும் வரும். கால்பந்து இந்தப் பெயருக்குப் புது ரத்தம் பாய்ச்சியது. 2019-20 பருவத்தில் 36 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கக் காலணியை வாங்கிய இம்மோபிலே ஒரு சிரோ. அதைவிட அழகானது பெல்ஜியம்காரர் திரீஸ் மெர்டென்ஸ் கதை. நேப்பிள்ஸ் ரசிகர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாக ஏற்று 'சிரோ' என்றே அழைத்தார்கள். அவர் 2022 இல் பிறந்த தன் மகனுக்கே சிரோ என்று வைத்துவிட்டார். வெளியூர்க்காரனை உள்ளூர்க்காரனாக்க நேப்பிள்ஸ் கையில் எடுத்தது இந்தப் பெயரை. வெளியூரில் பிறக்கப் போகும் பேரனுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று கணவர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

ஆனால் நான் மேலே சொன்ன குற்றத் தொடரில் இன்னொரு நாயகன் பெயர் சிரோ. ஜென்னாரோவின் நிழலுக்குப் பயந்து சிரோவுக்கு ஓடினால் அதே தொடரின் அடுத்த நிழலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். வடக்கத்திக் காதுக்கு இரண்டுமே நேப்பிள்ஸ்தான். கேலி செய்ய நினைப்பவன் சிரோவையும் விட மாட்டான். அத்தோடு இந்தக் குடும்பத்தில் சிரோ என்று யாரும் இருந்ததே இல்லை. பாரம் முழுவதையும் ஏற்றுக்கொண்டு, தாத்தாவை மட்டும் விட்டுவிட்டு வருவது என்ன கணக்கு?

லியோனார்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாட்டின் புள்ளிவிவர நிறுவனம் வெளியிடும் பட்டியலில் 2018 முதல் பிரான்செஸ்கோவை முந்தி முதலிடத்துக்கு வந்த பெயர். கேட்க இனிமை, உலகுக்கே தெரிந்த பெயர், லியோ என்று சுருக்கலாம். வகுப்பில் கூப்பிட்டால் மூன்று பையன்கள் திரும்புவார்கள், ஆசிரியை குடும்பப் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருக்கும். யாரையும் புண்படுத்தாத பெயர் என்று மனைவியின் தங்கை சொல்கிறார். உண்மைதான். இந்த இரண்டு குடும்பங்களில் எவரையும் நினைவுபடுத்தாத பெயரும்கூட.

சமரசத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே பிடிக்காத வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தாலியில் ஒரு குழந்தைக்கு மூன்று பெயர்கள் வரை வைக்கலாம். பிறப்பைப் பதியும்போது பெயர்களுக்கு நடுவில் காற்புள்ளி போட்டால், சான்றிதழ்களிலும் நகல்களிலும் முதல் பெயர் மட்டும்தான் வரும். காற்புள்ளி இல்லாவிட்டால் எல்லாப் பெயர்களும் சேர்ந்தே வரும்; அடையாள அட்டை, பள்ளிப் பதிவு, வங்கி எல்லாவற்றிலும் முழுதாக எழுத வேண்டும். 'லியோனார்டோ, ஜென்னாரோ' என்று காற்புள்ளியோடு எழுதினால் ஜென்னாரோ பிறப்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் படுத்திருக்கும், வெளியே வராது. காற்புள்ளி இல்லாமல் எழுதினால் வாழ்நாள் முழுக்கப் படிவங்களில் இரண்டையும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கூப்பிடப் போவது லியோ என்றுதான்.

வரி அடையாள எண்ணையும் பார்க்கலாம். பெயரின் மெய்யெழுத்துகள் நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல், மூன்றாம், நான்காம் மெய்யை எடுத்துக் குறியீடு உருவாக்குவார்கள். லியோனார்டோவில் எல், என், ஆர், டி என்று நான்கு மெய்கள் இருப்பதால் குறியீட்டில் எல், ஆர், டி வந்துவிடும். பின்னால் ஜென்னாரோ ஒட்டியிருந்தாலும் ஓர் எழுத்துகூட மாறாது. சிரோவில் மெய் இரண்டுதான். ஆகவே காற்புள்ளி இல்லாமல் 'சிரோ ஜென்னாரோ' என்று பதிந்தால் ஜென்னாரோவின் ஜி, என் இரண்டும் குறியீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். காற்புள்ளியை யார் போட்டார், யார் விட்டார் என்ற குழப்பத்தில் பின்னாளில் ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் இங்கே உண்டு. இரண்டு பெயர் வைப்பதானால் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பதிவுக்குப் போகும் முன்பே முடிவு செய்து, எழுதி முடித்ததும் பதிவாளரின் திரையை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆனால் என் எதிர்ப்பு ஆவணத்தை வைத்து அல்ல. தெற்கத்தியப் பெயரின் உயிர் கூப்பிடுவதில் இருக்கிறது. நேப்பிள்ஸ் பேச்சில் கூப்பிடும்போது பெயர் அழுத்தம் விழும் உயிரோடு நின்றுவிடும்: "ஜென்னா!", "அந்தோ!", "பஸ்கா!" முற்றத்தின் நாலாவது மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே விளையாடும் பையனுக்கு எட்ட வேண்டும், அதற்கென்றே வெட்டிய மாதிரி இருக்கும். மேல்மாடிப் பெரியவர் தன் மனைவி தன்னைக் கூப்பிடுவதை இப்படித்தான் கேட்டு வாழ்ந்தார். அந்த அம்மா மூன்று வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். இப்போது அந்த வீட்டில் "ஜென்னா" என்று கூப்பிட ஆள் இல்லை. மகனுக்கு அவர் "பப்பா", மருமகளுக்கும் அப்படியே. காற்புள்ளிக்குப் பின்னால் எழுதிய பெயரை யாரும் முற்றத்தில் கூப்பிட மாட்டார்கள். மரியாதை செய்துவிட்டோம் என்று பெற்றோருக்கு ஒரு நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். அதைவிட மனதாரப் பிடித்த லியோனார்டோவையே தனியாக வைப்பது நேர்மை.

மனைவியின் பயத்துக்கு என்ன பதில்? கேலியே வராது என்று நான் சொல்லவில்லை. வரலாம். ஆனால் இன்று பிறக்கும் பிள்ளை 1968 இல் டூரினுக்கு வந்து இறங்கியவன் அல்ல. இங்கேயே பிறந்தவன், இந்த ஊர்ப் பேச்சைப் பேசப் போகிறவன், அம்மா வழியில் இந்த மண்ணுக்கே சொந்தக்காரன். வாயைத் திறந்தால் டூரின், பெயரைச் சொன்னால் நேப்பிள்ஸ். கேலி செய்ய வருகிறவன் அந்த இடத்திலேயே தடுமாறிப் போவான். வகுப்பில் மூன்று லியோனார்டோக்கள் இருக்கும் காலத்தில் ஒரே ஜென்னாரோவாக இருப்பதும் ஒரு பலம்தான். அவனுக்கு அது கூச்சமாக இருந்தால் ரினோ இருக்கிறது. வெளிநாடு போனால் கொஞ்சம் சிரமம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரட்டை 'ன்'னை யாரும் சரியாக எழுத மாட்டார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜென்னாரோக்கள் பலர் ஜெர்ரி ஆனார்கள். ஆனால் அதே அமெரிக்காவில், நியூயார்க்கின் மல்பெரி தெருவில், 1926 முதல் செப்டம்பர் தோறும் புனித ஜென்னாரோ திருவிழா நடக்கிறது. இத்தாலியப் பையன்களின் பெயர்களில் வெளிநாட்டில் பெண் பெயராக எடுத்துக்கொள்ளப்படும் அந்திரேயா, சிமோனே, நிக்கோலா படும் பாட்டை ஒப்பிட்டால் இது சின்னச் சிரமம்.

எல்லோருக்கும் ஜென்னாரோ பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லாமல், விடுமுறைக்கு நேப்பிள்ஸ் போய்வந்த ஆசையில் வைப்பதானால் வேண்டாம். பாரம் மட்டும் வரும், சுமக்கக் காரணம் இருக்காது. தாத்தாவோடு உறவு கசந்திருந்தாலும் வேண்டாம். அந்த இரண்டு நிலையிலும் அந்தோனியோதான் நல்லது. தெற்கு விட்டுப் போகாது, பிள்ளை எந்த ஊரிலும் நிற்கலாம். தாய் முழு மனதோடு ஒத்துக்கொள்ளாவிட்டால், தாத்தா எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஜென்னாரோ வைக்கக் கூடாது. தினமும் ஆயிரம் தடவை கூப்பிடப் போகிறவர் அவர்தான்.

மேல்மாடியில் இந்த மூன்று தடையும் இல்லை. மனைவிக்கு மாமனார்மேல் இருக்கும் பாசம்தான் பயமாக வெளியே வருகிறது. ஆகவே நான் சொன்னது: பெயர் ஜென்னாரோ, தனிப் பெயர், காற்புள்ளியும் வேண்டாம், பின்னால் ஒட்டும் வேண்டாம். அந்தோனியோவை இரண்டாவது மகனுக்கு வைத்திருங்கள். அடுத்தது மகளாகப் பிறந்தால் அந்தோனியா இருக்கிறது. மருத்துவமனையிலேயே பதிவதானால் மூன்று நாள் அவகாசம், நகராட்சிக்குப் போவதானால் பத்து நாள். பத்து நாளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியவர் மடியில் வைத்து, ஒரு வாரம் "ஜென்னா" என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். அம்மாவின் வாய்க்கு அது இயல்பாக வந்தால் போய்ப் பதியட்டும். வராவிட்டால் மாற்ற இன்னும் நாள் இருக்கும்.